நாய்க்குச் சத்து டானிக் வாங்கும் முன்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

நாய்க்குட்டி வீட்டுக்கு வரும் அன்றே கூட மூன்று பாட்டிலும் வந்துவிடும். கால்சியம் சிரப் ஒன்று, மல்டிவைட்டமின் சொட்டு மருந்து ஒன்று, லிவர் டானிக் ஒன்று. கடைக்காரர் பில்லில் சேர்த்தே போட்டிருப்பார். "லேப்ரடார் சார், எலும்பு நல்லா வரணும்ல?" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாருக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வரும்? எனக்கும் வரவில்லை.

புஜ்ஜி அப்படித்தான் வந்தாள். மூன்று மாதக் குட்டி. பெரிய இனக் குட்டிகளுக்கான நல்ல டாக் ஃபுட் வாங்கிப் போட்டோம். அதற்கு மேல் காலையும் மாலையும் கால்சியம் சிரப். அதற்கும் மேல் ராத்திரி ஒரு கிண்ணம் பால். ஐந்தாவது மாதத்தில் முன்னங்கால் மணிக்கட்டு உள்பக்கம் வளைந்து பாதம் வெளிப்பக்கம் திரும்ப ஆரம்பித்தது. கால்சியம் பத்தவில்லை போல என்று அளவை இன்னும் கூட்டினோம். பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவர் நாயைப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டது: "சாப்பாட்டுப் பையை போட்டோ எடுத்துட்டு வந்தீங்களா?" பையின் பின்பக்கத்தைப் படித்தார், சிரப் பாட்டிலைப் படித்தார், பாட்டிலை என் பக்கம் தள்ளி வைத்தார். "இதை இன்னைக்கே நிறுத்துங்க. குறைஞ்சதால வரல, கூடினதால வந்திருக்கு."

அன்றிலிருந்து எந்த டப்பாவை எடுத்தாலும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: இது எந்தக் குறையை நிரப்ப? அந்தக் குறைக்குப் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் டப்பாவை வைத்துவிடுவேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிகள்தான். பிராண்டு பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. பெயர் மாறும், கணக்கு மாறாது.

படி 1: தட்டைப் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு நாய் வாயில் போவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தான். பாட்டி ஊட்டும் பிஸ்கட், டீக்கடையில் கிடைக்கும் பன், மீன் கழுவும்போது விழும் தலை, எதையும் விடக்கூடாது. எழுதி முடித்தால் உங்கள் நாய் இந்த மூன்றில் எந்த வகை என்று தெரிந்துவிடும்.

முதல் வகை, முழுக்க டாக் ஃபுட் சாப்பிடும் நாய். எந்த பிராண்டாக இருந்தாலும் நம் ஊரில் அதற்குப் பெடிகிரி என்றுதான் பெயர். பையின் பின்னால் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற வார்த்தைகளும், எந்த வயதுக்கு என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வைட்டமின், தாது உப்பு, கால்சியம் எல்லாம் ஏற்கெனவே அளந்து போடப்பட்டிருக்கிறது. ஆரோக்கியமான நாய்க்கு மேலே எதுவும் தேவையில்லை. சில பைகளில் 'காம்ப்ளிமென்டரி' என்று இருக்கும். அது துணை உணவு, அதை மட்டும் போட்டு வளர்க்க முடியாது.

இரண்டாவது வகை, வீட்டுச் சாப்பாடு. தயிர்சாதம், கோழிச்சாதம், ஞாயிற்றுக்கிழமை ஈரல். டானிக் பற்றி உண்மையில் யோசிக்க வேண்டியவர்கள் இவர்கள்தான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நாய்களுக்கான 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றில் 95 சதவீதத்தில் அத்தியாவசியச் சத்து ஒன்றாவது குறைவாக இருந்தது. அவையெல்லாம் புத்தகங்களிலும் இணையத்திலும் யோசித்து எழுதி வைத்த குறிப்புகள். நாம் மிச்சம் மீதியைப் பிசைந்து வைப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவது வகை, பாதி பாதி. இங்கே ஒரு சுலபமான விதி உண்டு: ஒரு நாள் கலோரியில் டாக் ஃபுட் 90 சதவீதமும் மற்றதெல்லாம் சேர்த்து 10 சதவீதமும் இருந்தால் முதல் வகையாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் இரண்டாவது வகைக் கவலைகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும்.

படி 2: கையால் தொட்டுப் பாருங்கள்

'ஒல்லியா இருக்கு, வெயிட் போட டானிக் வேணும்' என்பதுதான் கடைகளில் அதிகம் கேட்கும் வசனம். கண்ணை நம்பாதீர்கள், கையை நம்புங்கள். உங்கள் இடது கையை மேசைமேல் விரித்து வைத்து, புறங்கையில் விரல் எலும்புகளின் மேல் வலது விரலை ஓட்டுங்கள். எலும்பு தெரியும், மேலே மெல்லிய சதையும் இருக்கும். நாயின் விலாவைத் தடவினால் அப்படி இருக்க வேண்டும். கையை முஷ்டியாக மடக்கி முட்டிகளைத் தொட்டால் எப்படி உறுத்துகிறதோ, விலா அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கையைத் தொடுவதுபோல எலும்பே தேட வேண்டியிருந்தால் குண்டு. மேலிருந்து பார்க்கும்போது விலாவுக்குப் பின்னால் இடுப்பு உள்வாங்கியிருக்க வேண்டும்.

இதில் சிப்பிப்பாறை, கன்னி வளர்ப்பவர்கள் தனி. அவை ஓட்டத்துக்கென்று வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். கடைசி இரண்டு மூன்று விலாவும் இடுப்பெலும்பும் லேசாகத் தெரிவதுதான் அவற்றின் அழகு. தெருவில் போகிறவர் "என்னங்க, சோறு போடறதில்லையா?" என்று கேட்டதற்காகச் சிப்பிப்பாறைக்கு வெயிட் டானிக் ஊற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். நாய் குண்டானது, ஓட்டம் போனது, அவ்வளவுதான் மிச்சம்.

உண்மையிலேயே மெலிந்திருந்தால் முதலில் பூச்சி மருந்து எப்போது கொடுத்தீர்கள் என்று பாருங்கள். அடுத்து உண்ணி. காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் தேடுங்கள். முடி கொட்டுவதற்கும் மங்குவதற்கும் இதே வரிசைதான்: உண்ணி, சொறி, பூஞ்சை, பூச்சி, சில நேரம் தைராய்டு. இதையெல்லாம் தாண்டிய பிறகுதான் சத்துக்குறை. மண் தின்கிற நாய்க்குக் கால்சியம் குறைவு என்று ஊரே சொல்லும். மருத்துவர் முதலில் தேடுவது குடல் புழுவையும், உண்ணியால் வரும் ரத்தசோகையையும், வயிற்றுக் கோளாறையும்தான்.

படி 3: கால்சியம், நின்று நிதானமாக

இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு பக்கமும் தப்பு நடக்கிறது. வேண்டாத நாய்க்கு ஊற்றுகிறோம், வேண்டிய நாய்க்கு விட்டுவிடுகிறோம்.

வேண்டாத நாய் எது? டாக் ஃபுட் சாப்பிடும் குட்டி. வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கூடுதலாகப் போனால் குடல் கொஞ்சமாகத்தான் உறிஞ்சும், மிச்சம் வெளியே போகும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. வந்ததில் ஒரு பெரும் பங்கு தானாக உடம்பில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து 1980-களில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின: கால்சியம் அதிகம் போன குட்டிகளின் எலும்பும் குருத்தெலும்பும் தாறுமாறாக வளர்ந்தன. லேப்ரடார், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் போன்று வேகமாக வளரும் பெரிய இனங்களுக்கு ஆபத்து அதிகம். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோ, பெரிய இனக் குட்டிகளின் உணவில் உலர் எடையில் 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்று வரம்பு வைத்திருப்பதும் இதனால்தான். பையில் அந்த வரம்பைக் கணக்குப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். நாம் மேலே சிரப்பை ஊற்றி அதைக் கெடுக்கிறோம்.

வேண்டிய நாய் எது? கோழியும் சோறும் சாப்பிடும் நாய். 20 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி போதும். எலும்பில்லாத கோழி 300 கிராம், வெந்த சாதம் 400 கிராம், தயிர் 100 கிராம் வைத்தால் ஏறக்குறைய அது வந்துவிடும். பார்க்க நல்ல சாப்பாடுதான். ஆனால் கால்சியத்தைக் கூட்டினால் மொத்தமே 200 மில்லிகிராம் சுற்றித்தான் வரும், அதிலும் பாதிக்கு மேல் தயிரிலிருந்து. அந்த நாய்க்குத் தேவை சுமார் 1200 மில்லிகிராம். அதே தட்டில் பாஸ்பரஸ் 800 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. கால்சியம் பாஸ்பரஸைவிடக் குறையக்கூடாது, இரண்டு மடங்கைத் தாண்டவும் கூடாது என்பது கணக்கு. இங்கே நான்கில் ஒரு பங்குதான் இருக்கிறது.

உடம்பு என்ன செய்யும் தெரியுமா? ரத்தத்தில் அளவு குறையவிடாமல் எலும்பிலிருந்து எடுத்துக்கொடுக்கும். அதனால் ரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டிருக்கும். முற்றிய நிலையில் தாடை எலும்பு மெத்தென்று ஆகிப் பல் ஆடும். குட்டியாக இருந்தால் கால் வளையும், சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறியும். எனவே கால் வளைந்திருப்பதை மட்டும் பார்த்துக் கால்சியம் கூடுதலா குறைவா என்று சொல்ல முடியாது. தட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

எலும்பு சூப் வைத்துத் தந்தால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் தண்ணீரில் இறங்கும் கால்சியம் கொஞ்சம்தான். வேகவைத்த கோழி எலும்பைக் கொடுப்பது அதைவிட மோசம், கூர்கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். பால்? 100 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிறது. தேவையை அடைக்க ஒரு லிட்டர் வரை ஊற்றினால் பல நாய்களுக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும். கேழ்வரகில் கால்சியம் உண்டு, 100 கிராம் மாவில் 350 மில்லிகிராம் அளவுக்கு. ஆனால் தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் அதில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றுக்குப் பதில் கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், அது மட்டும் போதாது.

வளர்ந்த, ஆரோக்கியமான, கறி சாப்பிடும் நாய்க்கு நான் பார்த்த வரையில் மலிவான வழி முட்டை ஓடு. செய்முறை இது:

முட்டை ஓடுகளைச் சேர்த்து வைத்துக் கழுவுங்கள். பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள், சால்மோனெல்லா கிருமி போவதற்கு. உள்தோல் அப்போது சுலபமாக உரிந்துவரும். துணியில் பரப்பி ஒரு நாள் வெயிலில் காயவிட்டு, வெறும் வாணலியில் சிறு தீயில் ஈரம் போகும் வரை வறுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் அரையுங்கள். மூடியைத் திறந்ததும் தும்மல் வரும், கொஞ்சம் அடங்கட்டும். டீ வடிகட்டியில் சலித்து, மேலே நிற்பதை மறுபடி அரையுங்கள். விரலில் தேய்த்தால் கோலமாவு மாதிரி நறநறப்பு இருக்கக்கூடாது, முகப்பவுடர் மாதிரி இருக்க வேண்டும். தட்டிச் சமன் செய்த ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம் வரும், அதில் 1900 மில்லிகிராம் கால்சியம். மேலே சொன்ன 20 கிலோ நாய்க்கு நாளுக்கு அரை டீஸ்பூனுக்குச் சற்று மேல், அதாவது 3 கிராம், சாப்பாட்டில் கலந்தால் கணக்கு நேராகிவிடும். கூடினால் மலம் சுண்ணாம்புக் கட்டியாகி நாய் முக்கும், அதுவே அறிகுறி.

முட்டை ஓட்டைக் குட்டிக்கும், சிறுநீரில் கல் வந்த நாய்க்கும், சிறுநீரகக் கோளாறு உள்ள நாய்க்கும் உங்கள் இஷ்டத்துக்குப் போடாதீர்கள். வளரும் குட்டிக்குக் கால்சியம், பாஸ்பரஸ் இரண்டுமே அளந்து வேண்டும். குட்டிக்கு வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவு செய்தால் மருத்துவரிடம் எழுதி வாங்கிச் செய்யுங்கள். என்னைக் கேட்டால், முதல் ஒரு வருடம் குட்டிகளுக்கான டாக் ஃபுட்டைப் போட்டுவிட்டு அப்புறம் வீட்டுச் சாப்பாட்டுக்கு மாறுவது நிம்மதி.

கடை சிரப்பே வாங்குவதாக இருந்தால் லேபிளில் ஒரு தந்திரத்தைக் கவனியுங்கள். 'கால்சியம் குளுக்கோனேட் 500 மி.கி.' என்று இருந்தால் அதில் கால்சியம் 500 இல்லை, 45 மில்லிகிராம்தான். லாக்டேட் என்றால் நூற்றுக்கு 13, கார்பனேட் என்றால் நூற்றுக்கு 40. 'எலிமென்டல் கால்சியம்' என்று எழுதியிருக்கும் எண்தான் உண்மையான எண்.

சினையான நாய்க்கு நல்லது என்று நினைத்துக் கால்சியம் ஊற்றுவதும் வழக்கம். சினைக் காலத்தில் வெளியிலிருந்து அதிகம் கொடுத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்க வைக்கும் சுரப்பி சோம்பிவிடும். குட்டி போட்டுப் பால் கொடுக்க ஆரம்பித்ததும் திடீர்த் தேவைக்கு அது விழித்துக்கொள்ளாது. பெரும்பாலும் குட்டி போட்ட நான்கு வாரத்துக்குள், பொமரேனியன், ஸ்பிட்ஸ் மாதிரி சின்ன இனங்களில், நடுக்கம், விறைப்பு, வலிப்பு வரும். அது வந்தால் சிரப்பெல்லாம் இல்லை, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓட வேண்டியதுதான்.

படி 4: மற்ற ஓட்டைகள்

வீட்டுச் சாப்பாட்டில் கால்சியத்துக்கு அடுத்துக் குறைவது வைட்டமின் டி, ஈ, துத்தநாகம், தாமிரம், அயோடின். இதில் வைட்டமின் டி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலில் படுத்துக் கிடக்கும் நாய்க்கு வைட்டமின் டி குறையுமா என்று சிரிக்கத் தோன்றும். நாயின் தோல் நம் தோலைப்போல வெயிலிலிருந்து வேண்டிய அளவு வைட்டமின் டி செய்துகொள்ளாது. சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். வைட்டமின் சி நேர்மாறு: நாயின் ஈரலே செய்துகொள்ளும். 'வைட்டமின் சி சேர்த்தது' என்று பெரிதாக எழுதிய டப்பாவுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

இந்தச் சின்னச் சின்ன ஓட்டைகளுக்கு ஒவ்வொன்றாக டப்பா வாங்கினால் விளங்காது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்றே செய்த, நாயின் எடைக்கு அளவு குறித்த ஒரே ஒரு வைட்டமின்-தாதுக் கலவை போதும். அதிலேயே கால்சியமும் இருந்தால் முட்டை ஓட்டைக் குறையுங்கள், கூட்டிப் பாருங்கள். ஹஸ்கி வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்த இனத்தில் சில நாய்களுக்குத் துத்தநாகத்தை உறிஞ்சுவதிலேயே பிறவிக் கோளாறு உண்டு. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் தோல் தடித்துச் செதில் செதிலாக வந்தால் டாக்டரிடம் துத்தநாகம் என்ற வார்த்தையைச் சொல்லிக் கேளுங்கள்.

ஈரல் நல்ல சத்துதான். வாரத்துக்கு ஓரிரு துண்டு போதும். தினமும் நிறையப் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் சேர்ந்து எலும்பைக் கெடுக்கலாம்.

படி 5: மீன் எண்ணெய்

நான் தயங்காமல் சொல்லும் சப்ளிமென்ட் இது ஒன்றுதான். தோல் அரிப்புக்கும் மூட்டு வலிக்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆனால் வாங்கும்போது கேப்ஸ்யூலின் முன்பக்கத்தில் இருக்கும் '1000 மி.கி.' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது எண்ணெயின் எடை. பின்பக்கத்தில் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்று இரண்டு எண் இருக்கும், பலன் தரும் ஒமேகா-3 கொழுப்புகள் அவைதான். சாதாரணக் கேப்ஸ்யூலில் 180-ம் 120-ம், மொத்தம் 300 மில்லிகிராம். 20 கிலோ நாய்க்குப் பொதுவான தேவைக்கு நாளுக்கு ஒன்று போதும். மூட்டு வலிக்கு ஆய்வுகளில் பயன்படுத்தும் அளவு இதே நாய்க்குக் கிட்டத்தட்ட பத்துக் கேப்ஸ்யூல் வரும். அதுதான் பாதுகாப்பு எல்லைக்கும் பக்கம். எனவே அந்த அளவுக்கு மருத்துவர் சொல்லாமல் போகாதீர்கள். ரத்தம் உறைவது கொஞ்சம் தாமதமாகலாம் என்பதால் அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.

முதல் வாரம் பாதி அளவு, பிறகு முழு அளவு. இல்லாவிட்டால் வீடெல்லாம் கழுவ வேண்டியிருக்கும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். பாட்டிலைத் திறந்ததும் கெட்டுப்போன கருவாட்டு நாற்றம் வந்தால் எண்ணெய் சிக்குப் பிடித்துவிட்டது, தூக்கி எறியுங்கள். நம் ஊர் சூட்டில் பெரிய பாட்டில் வாங்குவது நஷ்டம். ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஆளி விதை எண்ணெய் ஈடாகுமா? நாயின் உடம்பு அதை இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ.வாக மாற்றுவது மிகக் குறைவு. தேங்காய் எண்ணெயில் இந்தக் கொழுப்பு கிடையவே கிடையாது. மத்தி மீன் கிடைக்கும் ஊரில் இருந்தால் வாரம் இரண்டு நாள் வேகவைத்து முள் எடுத்துப் போடுங்கள், உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல். பச்சையாக வேண்டாம். சில மீன்களில் வைட்டமின் பி1-ஐ அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது செத்துவிடும்.

மீன் எண்ணெய் வேறு, மீன் ஈரல் எண்ணெய் வேறு. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் காட் லிவர் எண்ணெயில் வைட்டமின் ஏ-யும் டி-யும் நிறைய இருக்கிறது. மீன் எண்ணெயின் அளவுக்கு அதை ஊற்றினால் வம்பு.

படி 6: வயதான நாயின் மூட்டு

மூட்டுக்கு நல்லது என்று விற்கும் குளுக்கோசமைன், காண்ட்ராய்டின் டப்பாக்கள்தான் கடையில் விலை அதிகம். ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. கெடுதல் பெரிதாக இல்லை, பலனும் உறுதியாக இல்லை. இரண்டு மாதம் கொடுத்துப் பார்த்து, படி ஏறுவதில் மாற்றம் இல்லை என்றால் நிறுத்திவிடலாம்.

உறுதியான பலன் உள்ளது ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே வேண்டாம். 48 லேப்ரடார்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டு ஆயுள் முழுக்கப் பார்த்த ஆய்வு 2002-ல் வெளிவந்தது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டு தேய்வதும் தள்ளிப்போனது. நம் ஊர் லேப்ரடார்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் உருண்டைதான். தட்டிலிருந்து ஒரு கைப்பிடி குறைப்பது எந்த டப்பாவைவிடவும் மேல். அதைச் சொன்னால்தான் வீட்டில் சண்டை வரும்.

படி 7: வயிறும் ஈரலும், சுருக்கமாக

வயிற்றுப்போக்கின்போது நாய்க்கென்று செய்த ப்ரோபயாட்டிக் தூள், அதாவது குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா கலந்த தூள், சீக்கிரம் கட்டுப்பட உதவலாம். தயிர் நல்ல உணவு, ஆனால் மருந்துக்கு ஈடாக அதை நம்ப வேண்டாம். ரத்தம் கலந்து போனாலோ, தடுப்பூசி முடியாத குட்டியாக இருந்தாலோ தயிரும் வேண்டாம் தூளும் வேண்டாம், குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ வைரஸா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

லிவர் டானிக்கை ஆரோக்கியமான நாய்க்குத் தினமும் ஊற்றுவதில் எனக்கு எந்த அர்த்தமும் தெரியவில்லை. ஈரல் நோய் என்று பரிசோதனையில் தெரிந்தால் டாக்டர் சொல்வார். உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கால்சியம் சிரப், இரும்பு டானிக், பால் இவற்றோடு சேர்த்து அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மருந்து உடம்பில் ஏறுவதை அவை தடுக்கும். இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

படி 8: உங்கள் மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

நமக்கு வாங்கிய சத்து மாத்திரையில் பாதியை உடைத்து நாய்க்குப் போடுவது பல வீடுகளில் சகஜம். நாயே எடுத்துத் தின்பதும் நடக்கும். மூன்று பொருள்களுக்கு நிஜமாகவே பயப்பட வேண்டும்.

வாரம் ஒன்று என்று டாக்டர் நமக்கு எழுதித் தரும் 60,000 யூனிட் வைட்டமின் டி3 பாக்கெட் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறது. 1000 கலோரி சாப்பிடும் நாய்க்கு நாளுக்குக் குறைந்தபட்சத் தேவை 125 யூனிட். ஒரு பாக்கெட் என்பது அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலான அளவு. 3 கிலோ பொமரேனியன் அதை நக்கிவிட்டால் சிறுநீரகம் கெடும் அளவுக்குப் போய்விடும். அறிகுறி அன்றே தெரியாது. ஓரிரு நாள் கழித்து வாந்தி, ஓயாத தாகம், ஓயாத சிறுநீர். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் அட்டையோடு கிளம்புங்கள்.

இரண்டாவது, இரும்புச்சத்து மாத்திரை. மூன்றாவது, சர்க்கரை இல்லாத மெல்லும் வைட்டமின்கள். அதில் ஸைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 கிராம் போனாலே நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், கூடுதலாகப் போனால் ஈரலைத் தாக்கும்.

படி 9: ஆரம்பிக்கும் முறை

சரி, ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், அதற்கான பொருளும் தெரிந்துவிட்டது. ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் ஆரம்பியுங்கள். மூன்றைச் சேர்த்து ஆரம்பித்து நாய்க்கு வயிறு கெட்டால் எதனால் என்று யாருக்கும் தெரியாது, நன்றாக ஆனாலும் தெரியாது.

அளவுக்கு எடை வேண்டும். எடை மெஷினில் நீங்கள் தனியாக ஏறிப் பாருங்கள், நாயைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். தூக்க முடியாத நாய் என்றால் மருத்துவமனையில் தரையோடு இருக்கும் மெஷினில் ஏற்றுங்கள். வாங்கும் டப்பாவில் 'ஃபீட் சப்ளிமென்ட், நாட் ஃபார் மெடிசினல் யூஸ்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். மருந்துபோல நோயைக் குணமாக்கும் என்று அதைத் தயாரித்தவரே சொல்லவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு பொருளும் எத்தனை மில்லிகிராம் என்று எண் போடாமல் 'சக்தி வாய்ந்த கலவை' என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள்.

ஆரம்பித்த தேதியை டப்பாவின் மூடியிலேயே மார்க்கரால் எழுதுங்கள். அன்றே நாயைப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ, மேலிருந்து ஒரு போட்டோ. எட்டு வாரம் கழித்து அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னும் இரண்டு. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஒரு வார நோட்டு, சாப்பாட்டுப் பையின் பின்பக்கப் போட்டோ, கொடுக்கும் எல்லா டப்பாக்களும், கடைசியாகப் பூச்சி மருந்து கொடுத்த தேதி, இவற்றை எடுத்துப்போங்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுவது நல்லது.

புஜ்ஜிக்கு இப்போது எட்டு வயது. இடது முன்னங்கால் இன்னும் லேசாக வெளிப்பக்கம் திரும்பித்தான் இருக்கிறது. தட்டில் டாக் ஃபுட், ராத்திரி ஒரு மீன் எண்ணெய்க் கேப்ஸ்யூல். கேப்ஸ்யூலைப் பல்லால் கடித்து உடைத்து, எண்ணெயை நக்கிவிட்டு, ஜெலட்டின் தோலை மட்டும் தரையில் துப்பிவிட்டுப் போவாள். மறுநாள் காலை யாராவது ஒருவர் அதை மிதிப்போம்.